கொக்கிக் குழாய்

ரொட்டிக்கடைக்காரர் மகளுக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கே அவள் பாப்பாதான். கையில் ஸ்பானரும் மூக்கு நுனியில் கிரீஸுமாக வந்து நின்றால்கூட, "பாப்பா, நாலு பன்னு குடு" என்றுதான் கேட்பார்கள். அவளும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். பன்னில் கிரீஸ் வாடை அடிக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டதிலிருந்து அம்மா அவளைக் கல்லாப் பக்கமே விடுவதில்லை.

கடைக்குப் பின்னால் அடுப்பறை, அதற்கும் பின்னால் விறகுக் கொட்டகை. விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே அந்தக் கார் நின்றது. அப்பா அதை வாங்கும்போதே அது பழைய கார். பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ரொட்டித் தட்டுகளை அடுக்கி, விடிந்தும் விடியாமலும் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். அப்புறம் அந்தக் கடைகள் எல்லாம் உறையில் போட்டு வரும் கம்பெனி ரொட்டிக்கு மாறிவிட்டன. காருக்கு வேலை இல்லாமல் போயிற்று. சுடும் ரொட்டியை வீட்டு வாசலிலேயே விற்றால் போதும் என்றாகிவிட்டது. பாப்பா முதன்முதலாக அந்தக் காரின் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் பழைய மாவு பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. எறும்புகள் அதற்குள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

இதை நான் ஓட வைக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு அப்பா மறுப்புச் சொல்லவில்லை. ஓட்டினாலும் நீதான் ஓட்டணும், தள்ளினாலும் நீதான் தள்ளணும் என்று மட்டும் சொன்னார். அம்மாதான் பத்து நாள் முனகினாள். பெண் பிள்ளை கார் அடியில் படுத்துக் கிடந்தால் தலையில் பேன் வருமா எண்ணெய் வருமா என்பது அவள் கவலை.

கப்பல்காரர் இதற்குள் வந்து சேர்ந்தது பன்னால்தான். வாழ்நாள் முழுக்கக் கப்பலில் இன்ஜின் அறையில் வெந்துவிட்டு, ஓய்வு பெற்றுப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். தினமும் சாயங்காலம் அடுப்பிலிருந்து முதல் தட்டு வெளியே வரும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார். முதல் தட்டின் முதல் பன் அவருக்கு. சுடச்சுட இரண்டாகப் பிய்த்து, ஊதி ஊதி, நின்ற இடத்திலேயே தின்றுவிட்டுப் போவார். ஒரு நாள் அப்படி நிற்கும்போது கொட்டகையிலிருந்து 'டணார் டணார்' என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தவர், "யாரும்மா அது, இரும்பைப் போட்டு இந்த அடி அடிக்கிறது? அதுக்கும் உசுரு இருக்கு" என்றார். பன்னை வாயில் கவ்விக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவரிடமும் ஒரு கார் இருந்தது. அதே கம்பெனி, அதே காலத்துக் கார். தன் கையாலேயே ஒவ்வொரு நட்டாகத் தேடிப் பிடித்துப் பல வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் முடிந்து, தேன் குரலில் ஓடியது. மெத்தையும் வண்ணமும்தான் பாக்கி. அவருடைய கூட்டாளி ஒருவர் மாட்டு டாக்டர். அவருக்கும் பழைய கார்ப் பைத்தியம்தான். அவர் கார் தினமும் ரோட்டில் ஓடியது. அந்தத் திமிரில், ஓடாத கார் வைத்திருக்கிறவன் எனக்குப் புத்தி சொல்லக் கூடாது என்று கப்பல்காரரைச் சீண்டிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் கிழக்கே என்றால் மற்றவர் மேற்கே என்பார். நடுவில் பாப்பா ஸ்பானரோடு நின்று இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தீர்ப்பு வந்ததும் கூப்பிடுங்க என்று போய்விடுவார்.

காரில் பெரிய சிக்கல் இன்ஜின்தான். கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் இறங்கி, பிஸ்டன்கள் துரு ஏறி, கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தன. இதற்குக் கப்பல்காரரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பழுப்புப் பாட்டிலில் ஏதேதோ எண்ணெய்களைக் கலந்து கொண்டுவந்தார். என்ன கலந்தார், எவ்வளவு கலந்தார் என்று டாக்டர் எவ்வளவு நோண்டியும் சொல்லவில்லை. பிளக் போடும் ஓட்டைகள் வழியாக அதைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கினார்.

"இப்போ ஊறணும். தினமும் முன்னாடி இருக்கிற பெரிய நட்டுல ஸ்பானரைப் போட்டுக் கையால மட்டும் ஆட்டிப் பாரு. அசையலையா, விட்டுடு. மறுநாள் பாத்துக்கலாம். நெம்பிடாதே. அதுவா மனசு வந்து விடணும்" என்றார்.

டாக்டர் பாட்டிலை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதைக் குடிச்சா எந்திரிக்கிற மாடும் படுத்துடும்" என்றார். இந்தக் கார் ஓடி, பாப்பாவின் பேத்திதான் அதில் பள்ளிக்கூடம் போவாள் என்றும் சொல்லிவைத்தார்.

பாப்பா சொன்னபடியே செய்தாள். பள்ளி விட்டு வந்ததும் ஸ்பானரைப் போட்டு ஆட்டுவாள். அசையாது. எண்ணெய் குறைந்த இடத்தில் கப்பல்காரர் வந்து மீண்டும் ஊற்றுவார். ஞாயிறு தோறும் டாக்டர் வந்து, நோயாளி எப்படி இருக்கார் என்று விசாரிப்பார். கப்பல்காரர் சிரித்துக்கொள்வார். ஆனால் வரவர அந்தச் சிரிப்புச் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிறு, பந்தயம் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டபோது அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது இந்த டாக்டர் மாமாவின் மூக்கை உடைக்க வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு லீவு நாள் மத்தியானம் நல்ல மழை. பிசைந்த மாவு ஈரத் துணிக்கு அடியில் உப்பிக்கொண்டிருந்தது. மாவு உப்பும் நேரம்தான் அப்பாவுக்குத் தூங்கும் நேரம். மாவு மூட்டைகள் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா கல்லாவில் இருந்தாள். பாப்பா கொட்டகையில் ஸ்பானரை ஆட்டினாள், அசையவில்லை. எழுந்து அடுப்பறைப் பக்கம் வந்தாள். சுவரில் சாய்ந்து நின்றது கொக்கிக் குழாய்.

அடுப்புக்கு உள்ளே இருக்கும் தட்டுகளை இழுக்கிற சாமான் அது. ஆள் உயர இரும்புக் குழாய், நுனியில் திருகிப் பொருத்திய கொக்கி. அப்பா கைபட்டுக் கைபட்டு அது பிடிக்கும் இடத்தில் வழவழவென்று இருக்கும். பாப்பா கொக்கியைத் திருகிக் கழற்றினாள். குழாயைக் கொண்டுபோய் ஸ்பானரின் பிடியில் செருகினாள். பிடி நீளமானால் பலம் கூடும் என்பது அவளுக்குத் தெரியும். நெம்பிடாதே என்று சொன்னதும் நன்றாகவே நினைவிருந்தது. ஒரே ஒரு தரம், லேசாக, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லேசாக அழுத்தினாள், அசையவில்லை. முழு உடம்பையும் குழாய் மேல் போட்டுத் தொங்கினாள். குழாய் கொஞ்சம் குனிந்தது. இன்ஜினுக்குள் எங்கோ 'டக்' என்று ஒன்று கேட்டது. ஸ்பானர் அவளோடு சேர்ந்து கீழே இறங்கியது.

இன்ஜின் சுற்றியது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அந்த 'டக்'கை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொக்கியைத் திருகி மாட்டி, குழாயைப் பழைய இடத்தில் சாய்த்துவிட்டு, மழையோடு மழையாகக் கப்பல்காரர் வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, விட்டுடுச்சு. கையாலதான் ஆட்டினேன். தானா விட்டுடுச்சு" என்றாள். அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டது.

மனிதர் செருப்புப் போட மறந்து வந்தார். ஸ்பானரைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார், சிரித்தார், இன்னொரு தரம் சுற்றினார். டாக்டருக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார். டாக்டரும் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று இப்போதாவது சொல்லேன் என்று கெஞ்சினார். சொல்ல மாட்டேன் என்று கப்பல்காரர் குழந்தை மாதிரி தலையை ஆட்டினார். அப்புறம் பாப்பாவிடம் திரும்பி, எதற்கும் மேல் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடலாமா என்றார்.

பாப்பாவுக்கு அப்போதுதான் அந்த 'டக்' காதில் கேட்டது. "வேணாம் மாமா. நல்லா ஃப்ரீயாத்தான் சுத்துது. எதுவும் இடிக்கல" என்றாள்.

"உன் கை சொன்னா சரிதான்" என்று அவர் விட்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அப்பா முதல் தட்டை இழுத்தபோது கொக்கி நேராக வரவில்லை. தட்டு ஒருக்களித்து, பன்கள் தணலில் உருண்டன. பிடிக்கப்போன அப்பாவின் மணிக்கட்டு அடுப்பு வாயில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. அப்புறம்தான் குழாயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கொக்கிக்குக் கொஞ்சம் கீழே வளைந்திருந்தது. எப்போதோ தட்டு மாட்டிக்கொண்டபோது தானே அடுப்பு வாயில் வைத்து அழுத்தி வளைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார். கை நிதானம் போய்விட்டது, நடுக்கம் வந்துவிட்டது என்றார்.

"இரும்பு தானா வளையாது" என்றாள் அம்மா, மருந்து தடவிக்கொண்டே.

"அதான் நான் வளைச்சிருக்கேன்னு சொல்றேனே" என்றார் அப்பா.

பாப்பா பன் அடுக்கும் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் குழாய் எதற்கு என்று வரும், குழாய் என்றால் இன்ஜின் வரும், இன்ஜின் என்றால் கப்பல் மாமாவின் சிரிப்பு வரும். வாயை மூடிக்கொண்டாள். 

அந்தக் காயம் ஆறியும் அப்பா அடுப்புப் பக்கம் போகவில்லை. மாவு பிசைய வந்துகொண்டிருந்த வேலையாளை அடுப்பில் நிறுத்திவிட்டு, தான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். கல்லாவில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. சில்லறையைத் தப்பும் தவறுமாகக் கொடுத்தார். அம்மா பின்னாலிருந்து திருத்தினாள். ரொட்டி ஒரு பக்கம் கருகியும் ஒரு பக்கம் வெளுத்தும் வந்தது. வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா அவ்வப்போது மேஜைக்கு அடியில் கையை விரித்து, விரல் நடுங்குகிறதா என்று தானே பார்த்துக்கொள்வார். பாப்பா அதை இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் கல்லாவைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டே போனாள்.

இதற்குள் காருக்குச் சில்லறை வேலைகள் எல்லாம் முடிந்தன. பெட்ரோல் குழாய் புதிது, பேட்டரி புதிது. ஒரு ஞாயிறு காலை, இரண்டு பெரியவர்களும் அம்மாவும் அப்பாவும் கூடி நிற்க, பாப்பா சாவியைத் திருப்பினாள். இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கப்பல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை புகை என்றார். பாப்பாவுக்கு மட்டும் அந்த ஓசைக்கு அடியில் இன்னொரு ஓசை கேட்டது. நிறுத்தலாமா என்று அவள் கை சாவிக்குப் போவதற்குள் உள்ளே மடமடவென்று எதுவோ உடைந்தது. இன்ஜின் பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு ஓர் இரும்புத் துண்டு வெளியே வந்து விறகில் அடித்தது. கறுப்பு எண்ணெய் தரையில் கொட்டிப் பரவியது.

யாருக்கும் அடிபடவில்லை. எல்லாரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். டாக்டர்தான் முதலில் பேசினார். "உன் கஷாயம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார். வழக்கமான சீண்டல்தான். ஆனால் கப்பல்காரர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"என் தப்புதான்" என்றார் கப்பல்காரர். "துரு முழுசா விடல. அரைகுறையா விட்டதை விட்டுடுச்சுன்னு நம்பிட்டேன். மூடியைக் கழட்டிப் பாத்திருக்கணும். குழந்தை பக்கத்துல நின்னுச்சு. அந்தத் துண்டு இப்படிப் பறந்திருந்தா என்னத்துக்கு ஆவறது?"

அப்பா அவரைச் சமாதானப்படுத்தினார். பாப்பா எண்ணெயை மரத்தூள் போட்டு வாரிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கப்பல்காரர் பன் வாங்க வரவில்லை. முதல் தட்டு வரும், அப்பா வாசலைப் பார்ப்பார், ஆள் இருக்காது. டாக்டர் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யோசனை கேட்டால்கூட எனக்கென்ன தெரியும் என்கிறார், நான் கிண்டல் பண்ணியிருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டார். ஒருத்தி ஒரு மத்தியானம் குழாயில் தொங்கியதற்கு, மூன்று ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் தங்களையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திட்டு வாங்க வேண்டியவளை எல்லாரும் பாவம் பாப்பா என்றார்கள். அந்தப் பாவம்தான் அவளைக் குத்திக் கிழித்தது.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது கப்பல்காரர் கூப்பிட்டனுப்பினார். போனாள். அவருடைய ஷெட்டில் கூரை உத்திரத்திலிருந்து சங்கிலி தொங்கியது. அவர் காரின் மூடி திறந்திருந்தது. இன்ஜினைப் பிடித்திருந்த நட்டுகளை ஏற்கெனவே பாதி தளர்த்தியிருந்தார்.

"அந்தப் பக்கம் சங்கிலியைப் பிடி. இது உன் காருக்கு அப்படியே பொருந்தும்" என்றார்.

"மாமா, இது உங்க இன்ஜின்."

"என் வாயாலதானே உன்னுது போச்சு. எனக்கு இனிமே இந்த வேலை சரிப்படாதும்மா. கண்ணு சொல்றதைக் கையும் கேக்கல, காதும் கேக்கல. நீயாவது ஓட்டு."

வருஷக்கணக்கில் அவர் தேடித் தேடிக் கட்டிய இன்ஜின். அதன் மேல் ஒரு தூசி கிடையாது. பாப்பா சங்கிலியில் கை வைத்தாள். சங்கிலியை விட்டுவிட்டு, "மாமா, உங்க எண்ணெய் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் நெம்பினேன். ஸ்பானர்ல குழாய் போட்டுத் தொங்கினேன். 'டக்'னு சத்தம் கேட்டுச்சு. உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார். எவ்வளவோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

"கிழவன் மனசு நோகுதுன்னு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறியாக்கும். ஒரு நட்டு இறுகினாலே என்னைக் கூப்பிட்டுட்டு நிப்பே, நீ நெம்பினியா? நல்ல பொண்ணும்மா நீ. பிடி சங்கிலியை."

சத்தியம் செய்தாள். அவர் கேட்கவில்லை. அழுதாள். அழாதே, உன் நல்ல மனசு எனக்குத் தெரியாதா என்று முதுகைத் தட்டினார். அவர் தட்டத் தட்ட அவளுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஷெட்டை விட்டு வீட்டுக்கு ஓடினாள். அடுப்பில் முதல் தட்டு இன்னும் போகவில்லை. கொட்டகையிலிருந்த ஸ்பானரையும் சுவரில் சாய்த்திருந்த குழாயையும் எடுத்தாள். வேலையாள் ஏதோ கத்தினான். கல்லாவிலிருந்து அப்பா எழுந்து, எங்கே கொண்டு போறே என்றார். இதோ வந்துடறேன்பா என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டாள்.

அவர் எதிரிலேயே கொக்கியைக் கழற்றினாள். கையோடு கொண்டுவந்த அதே ஸ்பானரை எடுத்துக் குழாய்க்குள் செருகினாள். ஸ்பானரின் பிடி உள்ளே போய், குழாய் வளையத் தொடங்கும் இடத்தில் சரியாக முட்டி நின்றது.

கப்பல்காரர் அதை வாங்கினார். வெளியே இழுத்தார், மறுபடி செருகினார். வளைவின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். ஓர் இரும்பை எவ்வளவு பலம் வளைக்கும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அப்போ என் எண்ணெய் சரிதான்" என்றார்.

முதலில் அதைத்தான் சொன்னார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்புறம் அவர் பாப்பாவைப் பார்த்தார். வெளிச்சம் போய்விட்டது.

குனிந்து, தளர்த்திய நட்டுகளைத் திரும்ப முறுக்கத் தொடங்கினார். பாப்பா தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் போய் ஒரு நட்டில் கை வைத்தாள்.

"வேணாம். எடு கையை."

எடுத்துவிட்டாள்.

"இந்தக் குழாய் வளைஞ்சதுக்கு உங்கப்பா என்ன சொன்னார்?"

அப்பா தன் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பதை, கல்லாவில் உட்கார்ந்துவிட்டதை எல்லாம் சொன்னாள்.

"அதைச் சொல்லாம இங்க என்ன பண்ணிட்டு நிக்கறே?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அப்பாவிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்பா நடுவில் மறித்தோ கோபித்தோ இருந்தால் தேவலை. அவர் கடைசி வரைக்கும் கேட்டார். குழாயை வாங்கி ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். அப்புறம் வலது கையை வெளிச்சத்தில் நீட்டி விரல்களை விரித்தார். தழும்பு பளபளத்தது. விரல்கள் ஆடவில்லை. அந்தக் கையையே அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்பு தானா வளையாதுன்னு நான் அன்னிக்கே..." என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பாதியில் நிறுத்துவது அவள் வழக்கம் இல்லை.

அப்பா எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேலையாளைக் கல்லாவுக்குப் போகச் சொல்லிவிட்டு அடுப்பு முன்னால் நின்றார். பன்கள் வெந்து மணம் எழும்பியதும், அதே குழாயைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து, அதன் கோணலுக்கு ஏற்றபடி தோளைச் சாய்த்துத் தட்டை இழுத்தார். தட்டு நேராக வந்து மேஜையில் உட்கார்ந்தது. ஒரு பன்கூட அசையவில்லை.

முதல் பன்னை எடுத்துத் தாளில் சுற்றிப் பாப்பாவிடம் நீட்டினார். அவள் பேசி முடித்ததிலிருந்து அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அவருக்குக் குடுத்துட்டு வா. குடுத்துட்டு ஓடி வந்துடாதே. அவர் திங்கற வரைக்கும் நில்லு."

ஷெட்டுக்குள் கப்பல்காரர் இன்னும் குனிந்தே இருந்தார். கடைசி நட்டு பாக்கி. பாப்பா வாசலிலேயே நின்றாள். தாளுக்கு உள்ளிருந்து சூடு கையைச் சுட்டது.

"மாமா, பன்னு."

"அங்க வச்சுட்டுப் போ."

"நீங்க சாப்பிடற வரைக்கும் நிக்கணும்னு அப்பா சொன்னாங்க."

அவர் ஸ்பானரைத் திருப்பினார். நட்டு இறுகியது. இன்னும் ஒரு தரம் திருப்பினார்.

"அப்போ நில்லு" என்றார்.

பாப்பா நின்றாள்.